மூன்றாவது சலாமுக்குப் பிறகு

மகன், உனக்கு என் சலாம். பதில் சொல்ல அவசரப்படாதே. கடைசி வரியையும் வாசித்த பிறகு சொன்னால் போதும்.

வாப்பாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னாய். அவர் செய்த டீவி கேமை இணையத்தில் ஏற்றும்போது அதோடு சேர்த்துப் போட வேண்டும் என்றாய். கடைக்கு வராமலே நின்றுபோன பழைய கேம்களை உலகமெல்லாம் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை என்று அவர்கள் துள்ளுகிறார்கள், அடுத்த மாதம் ஜப்பானுக்குப் போகுமுன் இதை முடித்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னாய். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அதைச் சொன்னாய். "உம்மா, மூணாவது கட்டம் அந்த வீட்டு வாசல்லயே செத்துப் போகுது. அதுக்குப் பொறகு நான் செய்யப் போறன். கடல் எழும்பி வரும். சைக்கிள ஓட்டித் தப்பணும். வாப்பாக்கு அதுதான் மரியாதை." நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். சிக்னல் இல்லை என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். சிக்னல் இருந்தது மகன். நான்தான் போனைக் காதிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

அதே பேச்சில் இன்னொன்றும் கேட்டாய். சிப்பைத் திறந்து வாசித்தபோது, அந்த வாசலில் எதையோ மூன்று வரைக்கும் எண்ணுகிற ஒரு சின்னக் கணக்கு இருக்கிறதாம். மூன்றை எட்டியதும், ஒன்றுமே எழுதப்படாத ஓர் இடத்துக்குத் தாவி அப்படியே நின்றுவிடுகிறதாம். அது என்ன மூன்று என்று யாருக்கும் விளங்கவில்லை என்றாய். எனக்கு விளங்கும். இருபது வருசமாக நான் அந்த மூன்றுக்குப் பயந்துதான் வாழ்கிறேன். நாலு வரியில் அதைச் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம். இதை அந்தத் தளத்தில் போடுவதா, உன்னோடு வைத்துக்கொள்வதா என்பதை நீயே முடிவு செய். என்னைப் பற்றி நாலு பேர் அறிவது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் செய்ததைத் தவறாக அறிவதைவிட என்னை அறிந்தால் பரவாயில்லை.

உன் வாப்பா கல்முனைச் சந்தைக்குப் பின்னால் டீவி திருத்தும் கடை வைத்திருந்தார். நான் உயர்தரப் படிப்பை முடித்துவிட்டு, நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். எங்கள் டீவியைத் திருத்த வந்தவரையே என் கூடப்பிறந்த காக்காமார் மாப்பிள்ளையாகப் பேசி முடித்தார்கள். நம் வழக்கப்படி எனக்குக் கட்டிய வீட்டுக்கு அவர் குடிவந்தார். கொண்டுவந்தது ஒரு பெட்டி உடுப்பும் ஒரு பிஸ்கட் டின்னும். டின் நிறைய டீவி கேம் கேசட். மட்டையில் நூற்றுக்கணக்கான கேம் என்று போட்டிருக்கும்; உள்ளே ஏழோ எட்டோதான் இருக்கும். நல்லவற்றை அவர் கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். டின்னில் வைத்திருந்தது பழுதானவற்றை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒன்றில் தலைப்புப் பக்கம் மட்டும் வரும். பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் தொடங்காது. ஒன்றில் எதிரி வாளைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்பான், வெட்டவே மாட்டான். ஒன்றில் நம் ஆள் மதிலைத் தாண்டிக் குதித்ததும் கீழே தரை இல்லை. கறுப்புக்குள் விழுந்துகொண்டே இருப்பான், பாட்டு மட்டும் உற்சாகமாகப் போகும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரோ அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்.

"இது முடியாத கேம் புள்ள. கடைக்கு வரவேயில்ல. செய்தவன் பாதியில எழும்பிப் போயிட்டான்."

"எங்க போனாராம்?"

"தேத்தண்ணி குடிக்க. இன்னும் வரல்ல."

கம்பனி முறிந்தோ, சண்டை பிடித்தோ, கேம் ஓட்டும் மெஷினுக்கே காலம் போயோ இப்படி நிறையக் கேம்கள் பாதியில் நின்றுபோயின, அந்தத் துண்டுகளைக் கள்ளக் கேசட் அடிப்பவர்கள் இலக்கம் கூட்டிக் காட்டுவதற்காகச் செருகிவிட்டார்கள், அவை கொழும்புப் பெட்டிக்கடை வழியாக நம் சந்தைக்கு வந்தன என்று விளக்குவார். கடைசிப் பக்கம் கிழிந்த நூலகப் புத்தகத்துக்கு நான் முடிவு யோசித்துக்கொண்டு படுத்திருப்பேனே, அதே புத்திதான் அவருக்கும். எங்கள் இருவருக்கும் பொருந்திய ஒரே விசயம் அதுதான் என்று என் கூடப்பிறந்த ராத்தா பகிடி பண்ணுவா.

பிறகு அவரே ஒன்று செய்யத் தொடங்கினார். கொம்பியூட்டரைத் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டினார். சிப்பில் எழுதும் கருவி ஒன்றை யாரோ கப்பலில் வேலை செய்த கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தார். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் சிப்பின் முதுகில் உள்ள சின்னக் கண்ணாடியை வெயிலுக்குக் காட்ட வேண்டும். நாள்கணக்கில் வெயில் குடித்தால்தான் அழியும். கூரையில் என் கருவாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய சிப்புகளும் காயும். காகம் வந்தால் கருவாட்டை விட்டுவிட்டுச் சிப்பைக் காப்பாற்ற ஓடுவார். எழுதி முடித்த சிப்பின் கண்ணாடிமேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது போய்விடும் என்று என்னைத் தொடவும் விடமாட்டார்.

கேம் என்னவென்று உனக்குத் தெரியும். ஓர் ஆள் சைக்கிள் கரியரில் டீவியைக் கட்டிக்கொண்டு அதன் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுக்கப் போகிறான். முதல் கட்டம் சந்தைத் தெரு, ஆடும் குடையும் வழிமறிக்கும். இரண்டாவது கட்டம் சோதனைச்சாவடி. இறங்கி உருட்டிக்கொண்டு போகாவிட்டால் விசில் அடிக்கும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். மூன்றாவது கட்டம் கடற்கரைத் தெரு. மணலில் டயர் புதையும். கடைசியில் ஒரு வீடு. அந்த வாசலில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொத்தானை அழுத்தினால் சலாம் சொல்வது மாதிரி இரண்டு சின்னச் சத்தம் வைத்திருந்தார். நம் ஒழுங்கு உனக்குத் தெரியும்தானே: ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் சலாம் சொல்லலாம், மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்பிப் போக வேண்டும்.

"மூணுக்கும் பதில் இல்லாட்டி சைக்கிளத் திருப்பணும். அத எழுதிடலாம். பதில் வந்தா என்ன செய்யிற புள்ள?"

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வந்தா உள்ளுக்குப் போங்க. என்னத்துக்கு வாசல்ல நிக்கிற?"

"அப்ப உள்ளுக்கு என்ன இருக்கெண்டு வரையணுமே" என்று தலையைச் சொறிந்தார். அதை வரையவும் இல்லை. திரும்புவதை எழுதவும் இல்லை. நீ கண்டுபிடித்த மூன்று அதுதான் மகன். அது மூன்று சலாம்.

நீ என் வயிற்றில் இருந்தாய். சம்மாந்துறையில் ராத்தா வீட்டில் ஒரு விசேஷம் என்று நான் முதல் நாளே போனேன். சிப் பூட்டிய பலகையையும் மெஷினையும் அவரே என் பையில் வைத்தார். ராத்தாவின் பிள்ளைகள் விளையாடட்டும், எங்கே எங்கே சிக்குகிறது என்று பார்த்து வை என்றார். "காலையில ஒரு டீவியக் குடுத்திட்டு வாறன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் படம் பார்க்கக் கேட்கிறார்கள் என்று அந்த டீவிக்காரர் வீட்டுப் பெண் ஆள் அனுப்பியிருந்தா. நான் கேட்டுக்கொண்டு கைகாட்டினேன். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு காலையில் கடல் வந்ததைப் பற்றி உனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்தது கடலை அல்ல. ராத்தா வீட்டு முன் ரோட்டில் டிராக்டர் பெட்டிகளில் நனைந்த சனம் வந்து இறங்கியதை. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தேன். சில நாள் கழித்து எங்கள் வீடு இருந்த இடத்துக்குப் போனபோது சீமெந்துத் தரை மட்டும் கழுவி விட்டது மாதிரி இருந்தது. அங்கேதான் ஜவ்பர் காக்கா என்னைக் கண்டார். கடற்கரைத் தெருவில் தென்னையைக் கட்டிப் பிடித்துத் தப்பிய மனிதர். சொல்லவா விடவா என்று நின்றார். நான் கேட்டேன். சொன்னார்.

"உங்கட மாப்பிள்ள அந்தச் சிவப்பு கேட் வீட்டடியில சைக்கிள நிப்பாட்டினார். சலாம் சொன்னார். சத்தமில்ல. ரெண்டாவதும் சொன்னார். சைக்கிளத் திருப்பி வெச்சிட்டுத்தான் மூணாவத சொன்னார் புள்ள. அதுக்குப் பதில் வந்திச்சு. டீவியத் தூக்கிட்டு உள்ளுக்குப் போனார். அதுக்குப் பொறகுதான் தண்ணி."

அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. அவருடைய உடல் கிடைக்கவும் இல்லை. ஜனாஸாவைக் காணாமல், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருப்பதா என்று நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். அவர் மௌத்தாகிவிட்டார் என்று முதலில் ஒப்புக்கொள்கிற ஆள் நானாக இருக்கப் பயந்தேன். மௌலவி வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடைசியில் ராத்தாதான், "நீ இரிக்காட்டியும் அவர் வரமாட்டார் புள்ள" என்றா. வெள்ளை உடுத்திக்கொண்டு அவவின் பின்னறையில் இருந்தேன். பிள்ளை சுமப்பவளுக்குப் பிரசவத்தோடு இத்தா முடிந்துவிடும். நீ பிறந்து அழுதபோது அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனிக் காத்திருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை என்று அந்த அழுகை சொன்னது. உன்னை வேண்டாம் என்று நினைத்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதில் இருக்க முடியும். உனக்கும் ஒரு நாள் இருக்கும். அப்போது உன்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதே.

இனி, நீ சின்ன வயதிலிருந்து கேட்டு நான் பதில் சொல்லாத கேள்விக்கு வருகிறேன். வாசலில் யாராவது சலாம் சொன்னால் உம்மா ஏன் வாயைத் திறப்பதில்லை? பதில் சொல்வது கடமை என்று எனக்குத் தெரியும். வாய்க்குள் சொல்லிவிடுவேன். வெளியே கேட்க விடமாட்டேன். பதில் கேட்டால் உள்ளே வந்துவிடுவார்கள். மூன்றும் முடிந்து செருப்புச் சத்தம் திரும்பிப் போவதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். போய்விட்டார்கள், இனி அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றும். இது புத்தியுள்ள பயம் இல்லை. இவ்வளவு வாசித்தவளுக்கு அது தெரியாதா? தெரிந்துகொண்டே பயப்படுவதுதான் பெரிய கஷ்டம். பக்கத்து வளவுக்காரர்கள் நம்முடையதை வாய்க்குப் பூட்டுப் போட்ட வீடு என்பார்கள். ஒரு தரம் உன் ஆசிரியர் வேனோடு வந்தார், அம்பாறையில் நடந்த கொம்பியூட்டர்ப் போட்டிக்கு உன்னைக் கூட்டிப் போக. நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். அவர் மூன்று தரம் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "வீட்டில ஆள் இரிக்கக்கொள்ள ஏன் உம்மா பதில் சொல்லல்ல?" என்று கேட்டாய். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சலாம் சொல்லாமல் வந்தவர்களும் உண்டு. நீ நாலு வயதுப் பிள்ளை. சண்டை முடியும் காலம். அங்கே வடக்கில் முடிந்துகொண்டிருந்தது, இங்கே சோதனை முடியவில்லை. ஒரு நாள் காலையில் நம் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். அலுமாரியிலிருந்து அந்தப் பலகையை ஒரு இளம் படையாள் வெளியே எடுத்தார். கூடு இல்லாத வெறும் பலகை. இரண்டு சிப், ஒட்டிய வயர், ஒரு சின்ன பற்றரி. அந்தக் காலத்தில் வயரும் பற்றரியும் ஒன்றாக ஒரு வீட்டில் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி, "இது என்ன?" என்று கேட்டார். "டீவி கேம்" என்றேன். அவர் நம்பவில்லை. அந்த இளம் ஆள் இதற்கிடையில் சிப்பின் மேலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டார். என்னைச் சுடுவார்களோ, கொண்டுபோவார்களோ என்ற பயத்தையெல்லாம் அந்த நகம் தள்ளிவிட்டது. வெளிச்சம் பட்டால் உன் வாப்பா போய்விடுவார். நாள்கணக்கு வெயில் வேண்டும் என்பது அந்த நேரம் எனக்கு எங்கே ஞாபகம்? "சேர், அதத் தொடாதீங்க" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. துவக்குகள் என் பக்கம் திரும்பின.

"ஏன் தொட வேண்டாம்? போட்டுக் காட்டு" என்றார் அதிகாரி. மெஷினில் பூட்டினேன். இரண்டு தரம் தவறிச் செருகினேன். டீவியில் சைக்கிள் வந்தது. அதிகாரி கொன்ட்ரோலரை அந்த இளம் ஆளிடம் கொடுத்தார். அவர் ஆட்டைத் தாண்டினார், குடையைத் தாண்டினார், சோதனைச்சாவடிக்கு வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பியும் துவக்குமாய் ஓர் ஆளை வாப்பா அங்கே வரைந்து வைத்திருக்கிறார். அந்த இளம் ஆள் இறங்காமல் ஓட்டினார், விசில் அடித்தது, முதலிலிருந்து அனுப்பியது. திரும்பவும் ஓட்டினார், திரும்பவும் விசில். நான் சொல்லியாக வேண்டும். "இறங்கி உருட்டணும் சேர்" என்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள், அந்த இளம் ஆளைத்தான். அவர் வெட்கத்தோடு இறங்கி உருட்டினார். மணல் தெருவையும் தாண்டினார். வாசலுக்கு வந்து பொத்தானைப் படபடவென்று அழுத்தினார். மூன்றாவது அழுத்தலோடு படம் உறைந்தது. முடிவில்லாத ஒற்றைச் சத்தம் ஒன்று அறையை நிறைத்தது. ஒருவர் துவக்கைத் தூக்கியேவிட்டார். நீ மேசைக்குக் கீழே இருந்து வீரிட்டாய். அதிகாரி கையாலேயே வயரைப் பிடுங்கினார்.

"யார் செய்தது?"

"என்ட மாப்பிள்ள."

"எங்கே அவர்?"

"கடல்."

அதிகாரி பலகையை மேசையில் மெதுவாக வைத்தார். ஸ்டிக்கரின் தூக்கிய மூலையைப் பெருவிரலால் திரும்ப அழுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அதைக் கறுப்புத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தேன். நீ பெரியவனாகிக் கேட்கும் வரைக்கும் எடுக்கவில்லை. சண்டை முடிந்தது என்று ரோட்டில் பட்டாசு கொளுத்திய நாளில் உன்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனேன். கடல் வருகிறது என்று யாரோ பொய்யாகக் கத்திய நாள்களில் உன்னோடு அந்த வாளியையும் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினேன். பிள்ளையும் அரிசியும் கொண்டு ஓடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இப்போது விளங்குகிறதா, உன் அலைக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று? அந்தக் கேமை உன் வாப்பா அலை வருமுன் செய்தார். அப்படி ஒன்று வரும் என்று தெரியாத மனிதர் செய்த தெரு அது. சிவப்பு கேட் இருக்கிறது. ஜவ்பர் காக்கா பிடித்துத் தப்பிய தென்னை இருக்கிறது. நம் கரை முழுவதிலும் கடல் இன்னும் ஏறி வராத இடம் அது ஒன்றுதான், ஒரு துண்டு ஸ்டிக்கருக்குக் கீழே. அங்கேயும் அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே. உன் கூட்டாளிகள் பொத்தானை அழுத்தி அழுத்தித் தப்புவார்கள், தப்பாவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். அவருக்கு அந்தப் பொத்தான் இருக்கவில்லை.

முடிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதியில் எழும்பிப் போனவரின் வேலையை முடிக்க அவருடைய மகனைவிட யாருக்கு உரிமை? ஆனால் அவர் எண்ணியதையே எண்ணு. முதல் சலாம். கொஞ்சம் பொறு. இரண்டாவது சலாம். கொஞ்சம் பொறு. மூன்றாவது. உள்ளேயிருந்து யாரும் பதில் சொல்ல வேண்டாம். அந்த வெற்றிடத்தில் அவர் எழுதாமல் விட்டதை நீ எழுது. சைக்கிளைத் திருப்பு. டீவி கரியரிலேயே இருக்கட்டும், மணலில் இறங்கி உருட்டட்டும், சாவடியில் இறங்கட்டும், ஆட்டுக்கு வழிவிடட்டும். கடல் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போகட்டும். எங்கே போய்ச் சேர்கிறார் என்று காட்டாதே. திரும்பி வருகிறார் என்பது போதும். இதைச் சொல்லும்போதும் எனக்குப் பயம்தான். அது ஓடி முடிகிற நாளில் எனக்குள் எது முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் செய்.

நீ போகிற ஊரின் படத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். அங்கேயும் ஜன்னலில் கடல் தெரிகிறது. போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் பயத்தை உன் பெட்டியில் வைக்க நான் விரும்பவில்லை. அது இங்கேயே, அரிசி வாளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீ மேட்டில் வீடு எடு, அது மட்டும் போதும்.

வெள்ளிக்கிழமை பயணம் சொல்ல வருகிறாய். கேட்டடியில் நின்று சலாம் சொல். முதல் சலாமுக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன், உனக்குக் கேட்கிற மாதிரி. வாய் வராவிட்டால் இரண்டாவதையும் சொல், மூன்றாவதையும் சொல். அப்போதும் சத்தம் வரவில்லையென்றால், மகன், நீ மட்டும் திரும்பிப் போய்விடாதே.